ரெண்டு தனி வாசலும் வேண்டாம்னு சொன்ன ராஜகுமாரி

எங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷன்ல ஒரு போஸ்ட் இருக்கு. பேரு ஜாயின்ட் செக்ரட்டரி, பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு லேடீஸ். பிரசிடென்ட், செக்ரட்டரி, டிரஷரர் எதுக்கு வேணும்னாலும் யார் வேணும்னாலும் நிக்கலாம்னுதான் நோட்டீஸ் போர்டில் இருக்கும். ஆனால் நாலு வருஷமா நான் பார்த்த வரைக்கும் பொண்ணுங்க நிக்கிறது அந்த அடைப்புக்குறி போஸ்ட்டுக்கு மட்டும்தான். சிம்போசியம் வந்தால் சீஃப் கெஸ்ட்டுக்கு பொக்கே, குத்துவிளக்குக்குத் திரி, வாசலில் கோலம். பட்ஜெட் மீட்டிங் நடந்ததே அடுத்த நாள்தான் நமக்குத் தெரியவரும். இந்த வருஷம் அந்த போஸ்ட்டில் இருக்கிறது நான்தான். அதனால இந்தக் கட்டுரையில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்குன்னு முதல்லயே சொல்லிடறேன்.

என் ரூம்மேட் யூபிஎஸ்சிக்குப் படிக்கிறாள். ராத்திரி ஒரு மணிக்கு என்னைக் கேள்வி கேட்கச் சொல்லி உயிரை எடுப்பாள். அப்படி ஒரு நாள் வந்த பேர்தான் ராஜகுமாரி அம்ரித் கவுர். சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர். ஒரு மார்க், முடிஞ்சது. உங்களுக்கும் அந்த ஒரு மார்க் அளவுக்குத் தெரிஞ்சிருக்கலாம். எய்ம்ஸ்னு சொன்னால் நீட் எழுதின எல்லாருக்கும் தெரியும், அதை உருவாக்கினவர் யார்னு கேட்டால் நேருன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன். அவள் தலையில் அடிச்சுக்கிட்டாள். அப்புறம் தேடிப் படிச்சதுதான் இது.

பேரைப் பார்த்து அவர் சீக்கியர்னு நினைச்சிருப்பீங்க. பிறந்தது கபூர்தலா அரச குடும்பம், சரிதான். ஆனால் அவர் கிறிஸ்தவர். அப்பா ராஜா சர் ஹர்நாம் சிங், கபூர்தலா மன்னரின் மகன். இளைஞரா இருக்கும்போதே கிறிஸ்தவத்துக்கு மாறினார், அரண்மனை வாழ்க்கையை விட்டு வெளியே வந்தார். அவரை மதம் மாற்றியவர் கோலக்நாத் என்ற வங்காளி பாதிரியார், ஜலந்தரில் இருந்தவர். அவருடைய மகள் பிரிசில்லாவைத்தான் ஹர்நாம் சிங் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. பஞ்சாபி இளவரசன், வங்காளிப் பெண், ரெண்டு பேரும் கிறிஸ்தவர்கள். நம்ம ஊர் வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்பில் இன்னைக்கு நடந்தாலே ஆறு மாசம் பேசுவாங்க.

அம்ரித் கவுர் 1880களின் கடைசியில் லக்னோவில் பிறந்தார். வீட்டில் அண்ணன்கள் பலர், பெண் இவர் ஒருத்தர்தான். படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், டார்செட்டில் இருக்கிற ஷெர்போர்ன் பெண்கள் பள்ளிக்கு. அங்கே விளையாட்டில்தான் பேர் வாங்கினார். திரும்பி வந்த பிறகும் டென்னிஸை விடவில்லை. இங்கிலீஷ் மீடியம்னு நம்மளைக் கிண்டல் பண்ணுவாங்களே, அவர் அதைவிடப் பல படி மேலே. இந்திய மொழியில் சரளமாகப் பேச வராத ஒரு ராஜ வீட்டுப் பெண், வீட்டுக்கு வந்து போகிற காங்கிரஸ்காரர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் அரசியலைக் கத்துக்கிட்டார். அப்படி வந்து போனவர்களில் கோகலேயும் ஒருவர். அவர் மூலமாகத்தான் காந்தி பேர் காதில் விழுந்தது. 1919ல் பம்பாயில் காந்தியை நேரில் பார்த்தார். அதே வருஷம்தான் ஜாலியன்வாலா பாக். பஞ்சாப் குடும்பத்துப் பெண்ணுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை.

ஆனால் உடனே ஓடிப்போய் ஆசிரமத்தில் சேர்ந்துட்டார்னு நினைக்காதீங்க. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இவர் வீட்டிலேயே இருந்து அப்பா அம்மாவைப் பார்த்துக்கிட்டார். அம்மா 1924ல் இறந்தார், அப்பா 1930ல். அதுக்கப்புறம்தான் முழுசா இறங்கினார். அதாவது நாற்பது வயசைத் தாண்டி! இருபத்தொரு வயசில் பிளேஸ்மென்ட் வரலைன்னு வாழ்க்கையே முடிஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கிற நம்ம பேட்ச்சுக்காக இந்த ஆச்சரியக்குறி.

அதுக்காக நடுவில் சும்மாவும் இருக்கவில்லை. 1927ல் அகில இந்திய மகளிர் மாநாடு தொடங்கியபோது அதை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். பர்தா, குழந்தை மணம், பெண் கல்வி இதெல்லாம்தான் அவங்க பேசின விஷயங்கள். பின்னாடி அதன் செயலாளர், தலைவர். தண்டி யாத்திரை சமயத்தில் ஜெயில். 1934லிருந்து காந்தியோடு ஆசிரம வாழ்க்கை. பட்டுப் புடவையிலிருந்து கதருக்கு, வேலைக்காரர்கள் நிறைந்த வீட்டிலிருந்து மண் குடிசைக்கு. காந்திக்குப் பதினாறு வருஷம் செயலாளர்களில் ஒருவராக வேலை பார்த்தார். காந்தி அவருக்கு எழுதிய கடிதங்களில் அவரை முட்டாள் என்றும் கலகக்காரி என்றும் செல்லமாகக் கூப்பிட்டிருக்கிறார். இந்த ரெண்டாவது பேரில்தான் எனக்கு ஆர்வம்.

இப்போ என் அடைப்புக்குறி விஷயத்துக்கு வர்றேன்.

1930களின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதிக்கிட்டிருந்தது. யாருக்கு ஓட்டு, யாருக்கு எத்தனை சீட் என்பதுதான் பெரிய சண்டை. 1933ல் மூணு பெண்கள் லண்டன் பார்லிமென்ட் கமிட்டி முன்னால் போய் சாட்சி சொன்னாங்க. அம்ரித் கவுர், ஷரீஃபா ஹமித் அலி, அப்புறம் நம்ம டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து. மூணு பேரும் சேர்ந்து கேட்டது இதுதான்: வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு வேணும். பெண்களுக்குன்னு தனி சீட் வேண்டாம். மத அடிப்படையில் தனித் தொகுதியும் வேண்டாம்.

கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. 1935 சட்டத்தில் எல்லாருக்கும் ஓட்டு இல்லை. சொத்து இருக்கணும், அல்லது படிச்சிருக்கணும், அல்லது சொத்து இருக்கிறவர் மனைவியா இருக்கணும். புருஷனை வெச்சு ஓட்டு! பெண்களுக்குத் தனி சீட்டும் வந்தது, அதையும் மதவாரியாகப் பிரிச்சாங்க. மதராஸ் மாகாணச் சட்டசபையில் பெண்களுக்கு எட்டு சீட். ஆறு பொது, ஒண்ணு முஸ்லிம் பெண்ணுக்கு, ஒண்ணு இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு. எங்க அசோசியேஷனில் ஒரு அடைப்புக்குறிதான், அங்கே அடைப்புக்குறிக்குள்ளே இன்னொரு அடைப்புக்குறி. அந்த சீட் அம்ரித் கவுர் மாதிரி ஒருத்தருக்காகவே செஞ்சது மாதிரி இருக்கு இல்லையா? பெண், கிறிஸ்தவர், படிச்சவர். அவர் எதிர்த்தது சரியாக அதைத்தான். பெண்ணுக்காகப் பெண் மட்டும், கிறிஸ்தவருக்காகக் கிறிஸ்தவர் மட்டும் பேசினால் நாட்டைப் பற்றி யார் பேசுவது என்பது அவர் நிலைப்பாடு. மதவாரித் தொகுதி பெண்களையும் பிரிச்சுடும்னு பயந்தார்.

சரி, அவர் சொன்னது சரியா? இங்கே எனக்குக் கொஞ்சம் இடிக்குது. நான் 69 சதவீத ஒதுக்கீடு இருக்கிற மாநிலத்தில் பிறந்து, கவுன்சிலிங்கில் அந்த ஒதுக்கீட்டில் சீட் வாங்கி இந்த காலேஜுக்கு வந்தவள். எங்க ஊர் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பெண். அந்தப் பதவியைப் பெண்களுக்குன்னு ஒதுக்கலைன்னா அவங்க நாமினேஷன் கூட போட்டிருக்க மாட்டாங்க. முதல் ரெண்டு வருஷம் கையெழுத்து அவங்களோடது, பேச்சு அவங்க வீட்டுக்காரரோடது. இப்போ தண்ணி டேங்க் பிரச்சனைன்னா ஜனங்க நேரா அவங்களைத்தான் தேடிப் போறாங்க. தனி வாசல் வழியா உள்ளே போனாலும் உள்ளே போனது போனதுதான். அம்ரித் கவுருக்குத் தனி வாசல் வேண்டாம், ஏன்னா ராஜா வீட்டுப் பெண்ணுக்குப் பொது வாசலில் காவல்காரனே சல்யூட் அடிப்பான். மத்தவங்களுக்கு? 1952ல் முதல் லோக்சபா கூடியபோது பெண்கள் ஐந்து சதவீதத்தைக் கூடத் தொடவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் வர 2023 ஆச்சு. இந்த இடத்தில் நான் அவர் பக்கம் இல்லை.

ஆனாலும் அவரை விட்டுட முடியலை. காரணம் 1947.

அரசியல் நிர்ணய சபையில் மொத்தம் பதினஞ்சு பெண்கள். அம்ரித் கவுர் அதில் ஒருவர், அடிப்படை உரிமைகள் துணைக்குழுவிலும் சிறுபான்மையினர் துணைக்குழுவிலும் இருந்தார். மத சுதந்திரம் பற்றிய பிரிவை எழுதிக்கிட்டிருந்தாங்க. ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைக் கடைப்பிடிக்க உரிமை உண்டு என்று வாசகம். யாருக்காவது இதில் பிரச்சனை இருக்குமா? அம்ரித் கவுருக்கு இருந்தது, ஹன்சா மேத்தாவுக்கும் இருந்தது. கடைப்பிடிப்பது என்ற அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டாங்க. பர்தா கடைப்பிடிப்பதுதான். குழந்தை மணம் கடைப்பிடிப்பதுதான். பலதார மணம், பெண்ணுக்குச் சொத்தில் பங்கு இல்லாதது, கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவது எல்லாமே மதத்தின் பேரால் கடைப்பிடிக்கிற வழக்கங்கள்தான். இந்தச் சொல்லை அடிப்படை உரிமையாக எழுதி வெச்சுட்டால், நாளைக்கு இதையெல்லாம் தடுக்கிற சட்டம் ஒவ்வொண்ணும் கோர்ட்டில் செத்துப் போகுமே என்று எழுத்திலேயே ஆட்சேபம் தெரிவிச்சார். இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. மதராஸில் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கிற சட்டம், முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் போராடியது, அதே 1947ன் கடைசியில்தான் நிறைவேறியது.

ஒரு நிமிஷம் நின்னு இதைப் பாருங்க. அவர் சிறுபான்மை மதத்தைச் சேர்ந்தவர். பிரிவினை ரத்தம் ஓடிக்கிட்டிருந்த வருஷம். எந்தச் சிறுபான்மையினரும் மத சுதந்திரத்தை இன்னும் பலமா எழுதுங்கன்னுதான் கேட்பாங்க, கேட்டாங்க. அவர் மட்டும், அந்த பலத்துக்கான விலையை வீட்டுக்குள்ளே இருக்கிற பெண் கொடுப்பாள்னு சொன்னார். எந்த மதத்து வீடாக இருந்தாலும். பொது சிவில் சட்டத்தையும் வெறும் வழிகாட்டியாக ஒதுக்காமல் அஞ்சு பத்து வருஷத்துக்குள்ள கொண்டு வரணும்னு மினூ மசானி, ஹன்சா மேத்தாவோடு சேர்ந்து மாற்றுக் கருத்து எழுதினார். அது தோத்துப் போச்சு. அந்த விஷயம் இன்னைக்கு எப்படி யார் கையில் இருக்குன்னு உங்களுக்கே தெரியும், நான் அதுக்குள்ள போகலை. ஆனால் மத சுதந்திர விஷயத்தில் முழுசாத் தோற்கவில்லை. சொல் அப்படியே இருந்தது. அதைச் சுத்தி வேலி போட்டாங்க. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் இதுக்கெல்லாம் உட்பட்டுத்தான் மத சுதந்திரம். சமூக சீர்திருத்தத்துக்கு அரசு சட்டம் போடலாம். இதுதான் இப்போ இருக்கிற 25வது பிரிவு. ரூம்மேட் இதை மனப்பாடமாச் சொல்லுவாள். அந்த வேலிக்குப் பின்னாடி ரெண்டு பெண்களோட ஆட்சேபமும் இருக்குன்னு அவள் புத்தகத்தில் இல்லை.

1947 ஆகஸ்ட்டில் நேருவின் அமைச்சரவையில் ஒரே பெண் அவர்தான். வயசு அறுபதை ஒட்டி. கையில் கொடுத்தது சுகாதாரம். பெண்ணுன்னா சுகாதாரம், சமூக நலம்னு கொடுக்கிற பழக்கம் அங்கேயே ஆரம்பிச்சாச்சுன்னு நீங்க சொல்லலாம், நானும் நினைச்சேன். ஆனால் அது பொக்கே கொடுக்கிற வேலை இல்லை. மலேரியாவில் மட்டும் வருஷத்துக்கு ஏழரைக் கோடி பேர் படுத்து, எட்டு லட்சம் பேர் சாகிறார்கள் என்பது அப்போதைய மதிப்பீடு. 1953ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது, வீடு வீடாக டிடிடி அடிச்சாங்க. பத்து வருஷத்துக்குள்ள எண்ணிக்கை அப்படியே சரிஞ்சது. 1950ல் உலக சுகாதார சபைக்குத் தலைவரானார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்.

அடுத்தது காசநோய், பிசிஜி ஊசி. இதில் சென்னைக்காரங்களுக்கு ஒரு சுவாரசியமான சண்டை இருக்கு. ஊசி மருந்து தயாரிக்கிற ஆய்வகம் 1948ல் கிண்டியில் ஆரம்பிச்சது. கிண்டி பக்கம் போகும்போது பார்த்திருப்பீங்க. நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது எதிர்த்து எழுந்தவர் யார் தெரியுமா? ராஜாஜி! கவர்னர் ஜெனரலாக இருந்தவர், அப்போதான் மதராஸ் முதல்வர் பதவியை விட்டு இறங்கியவர். 1955ல் பிசிஜியை ஏன் எதிர்க்கிறேன்னு சின்னப் புத்தகமே போட்டார். ஆரோக்கியமான பிள்ளைக்கு எதுக்குக் கிருமியைக் குத்தணும், நிரூபணம் எங்கே என்பது அவர் வாதம். கொரோனா சமயத்தில் நம்ம மாமா சித்தப்பாக்கள் ஃபார்வேர்ட் பண்ணினதை நினைச்சுப் பார்த்தால் எதுவும் புதுசு இல்லை. ரெண்டு பேருமே காந்திக்கு நெருக்கம், ரெண்டு பேருமே பிடிவாதம். அம்ரித் கவுர் ஊசியை நிறுத்தவில்லை.

கதை அத்தோட முடிஞ்சிருந்தால் சினிமா. 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகத்திலேயே பெரிய பிசிஜி சோதனைகளில் ஒன்று தொடங்கியது. பெரியவங்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. குழந்தைகளுக்கு வருகிற கடுமையான வகைகளைத் தடுக்குது, அதனால் இன்னைக்கும் பிறந்த குழந்தைக்குப் போடுறாங்க. உங்க இடது கை மேலே இருக்கிற தழும்பு அதுதான். ராஜாஜி பயந்த ஆபத்து வரவில்லை, அமைச்சர் எதிர்பார்த்த பலனும் முழுசா வரவில்லை.

அவர் முழுசாத் தப்பு பண்ணின இடம்னு நான் நினைக்கிறது குடும்பக் கட்டுப்பாடு. காந்தி செயற்கைக் கருத்தடையை ஏத்துக்கிட்டதில்லை, அடக்கம்தான் வழி என்பார். அம்ரித் கவுரும் அதே பக்கம். அதனால அரசாங்கம் 1950களின் ஆரம்பத்தில் மாதவிடாய் நாட்களை எண்ணி விலகியிருக்கிற முறையைத்தான் சோதிச்சுப் பார்த்தது. உலக சுகாதார நிறுவனம் மூலமாக ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க டாக்டரை வரவழைச்சாங்க. நாளை எண்ண வசதியாக பெண்களுக்குக் கலர் கலரா மணி கோத்த மாலை கொடுத்தாங்க. ஒரு நாளைக்கு ஒரு மணி தள்ளணும். காகிதத்தில் அழகான டிசைன். ஆனால் சிஸ்டத்தின் மெயின் இன்புட் புருஷனோட சம்மதம், அது மாலையில் இல்லையே. கல்யாணமே பண்ணிக்காத, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராத ஒரு பெண்ணுக்கு அது புரியலைன்னுதான் எனக்குத் தோணுது. மதத்தின் பேரால் வீட்டுக்குள்ளே நடக்கிறதைப் பத்தி 1947ல் அவ்வளவு கூர்மையாப் பார்த்தவர் இவரேதான்.

இனி எய்ம்ஸ். 1946ல் போர் கமிட்டி, இப்படி ஒரு தேசிய மருத்துவ நிலையம் வேணும்னு சொல்லியிருந்தது. அரசாங்கத்தில் பணம் இல்லை. நியூசிலாந்து கொழும்புத் திட்டத்தில் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. 1952ல் அடிக்கல். பிற நாடுகளிடமும் இவர் கேட்டு வாங்கினார், ராஜ வீட்டுத் தொடர்புகளைக் கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கிட்டார். 1956 பிப்ரவரியில் லோக்சபாவில் மசோதா கொண்டு வந்தார். எனக்குப் பிடிச்சது கட்டடம் இல்லை, அந்தச் சட்டத்தின் அமைப்பு. தனிச் சட்டத்தால் உருவான தன்னாட்சி நிறுவனம், சொந்தமா டிகிரி கொடுக்கலாம், பாடத்திட்டத்தை அதுவே வகுக்கலாம். டாக்டர்கள் முழு நேரமும் அங்கேதான், வெளியே கிளினிக் நடத்தக் கூடாது. அமைச்சராக இருந்துக்கிட்டு அமைச்சகம் கை வைக்க முடியாத மாதிரி ஒண்ணைக் கட்டுறது சும்மா இல்லை. உங்க டிபார்ட்மென்ட் எச்ஓடியை நினைச்சுக்கோங்க.

1957ல் அமைச்சர் பதவி போச்சு. ராஜ்யசபாவில் இருந்தார், எய்ம்ஸ் தலைவராகக் கடைசி வரை இருந்தார். சிம்லாவில் மேனர்வில் என்று அவருக்கு ஒரு வீடு, 1942ல் கைதுக்கு அப்புறம் அவரைக் காவலில் வெச்சிருந்ததும் அதே வீட்டில்தான், காந்தி வந்து தங்கியதும் அங்கேதான். அதை எய்ம்ஸ் ஊழியர்கள் லீவுக்கு வந்து தங்குறதுக்காக எழுதிக் கொடுத்துட்டார். 1964 பிப்ரவரி 6ம் தேதி டெல்லியில் இறந்தார். கடைசி வரை கிறிஸ்தவராகவே இருந்தவர், ஆனால் உடலைப் புதைக்கவில்லை. யமுனைக் கரையில் தகனம் நடந்தது.

போன வாரம் அசோசியேஷன் மீட்டிங்கில் அடுத்த வருஷத்து போஸ்ட்டுகளைப் பத்திப் பேச்சு வந்தது. அந்த அடைப்புக்குறியை எடுத்துடலாமான்னு கேட்டாங்க. எடுத்தால் ஒரு பொண்ணு கூட வர மாட்டாள்னு ஒரு பக்கம், இருக்கிற வரைக்கும் வேற எதுக்கும் நிக்க மாட்டாள்னு இன்னொரு பக்கம். ஜாயின்ட் செக்ரட்டரி, லேடீஸ், என்ன சொல்றீங்கன்னு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. போஸ்ட் இருக்கட்டும், பட்ஜெட் மீட்டிங்குக்குக் கூப்பிடணும்னு ரூலில் எழுதுங்கன்னு சொன்னேன். மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியாச்சு. தேர்டு இயர் பொண்ணு ஒருத்தி செக்ரட்டரிக்கு ஃபார்ம் வாங்கிட்டுப் போயிருக்கா.